ரேஷன் சேலைக்கு என்ன குறைச்சல்?

போன வாரம் என் படிப்பு மூலையை ஒரு போட்டோ எடுத்து வகுப்புத் தோழிகளுக்கு அனுப்பினேன். ஒரு மரமேசை, ஒரு ஸ்டூல், மேசைக்குப் பின்னால் வெள்ளைத்துணி, பக்கவாட்டில் ஒரு ஸ்கிரீன். அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: "ஏய், அது பொங்கலுக்கு ரேஷன்ல குடுத்த சேலைதானே? அதைத் தொங்கவிட்டுட்டு டெக்கரேஷனா?" கூடவே விழுந்து விழுந்து சிரிக்கும் நாலு மஞ்சள் மூஞ்சிகள்.

ஆமாம் தாயே, அதே சேலைதான். பின்னால் இருக்கும் வெள்ளைத்துணி அதே பையில் வந்த வேட்டி. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் பந்தலூர், தேவாலா, நாடுகாணி தாண்டி கூடலூர் போய்ச் சேரும்வரை மனசுக்குள் சண்டை போட்டுப் பார்த்தேன், அடங்கவில்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். சேரம்பாடியில் ஒரு தோட்டத்து லைன் வீடு. எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள், அம்மா இன்னும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறார். முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு. அப்பாயி, அப்பா, அம்மா, தம்பி, நான் என்று ஐந்து பேர். டிவி, கட்டில், பீரோ, அரிசி டிரம், தம்பியின் கிரிக்கெட் மட்டை எல்லாமே அந்த முன்னறையில்தான். இதற்குள் "படிக்கும் இடம்" என்று ஒன்றை எங்கே வைப்பது? பள்ளிக்கூடம் முடிக்கும்வரை கட்டில்தான் மேசை. எட்டரை மணிக்கு அப்பா படுத்துவிட்டால் புத்தகத்தை மூடிவிட வேண்டும். லைட் கண்ணில் படுகிறது என்று அவர் ஒருநாளும் திட்டியதில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். விடிந்தால் வேலைக்குப் போகிற மனுஷன். அதைப் பார்த்துவிட்டு எப்படிப் படிப்பது?

அந்தச் சேலை தொங்கிய நாளிலிருந்து வெளிச்சம் அப்பா பக்கம் போவதில்லை. நான் பதினொரு மணிவரை படிக்கிறேன். நீங்கள் டெக்கரேஷன் என்று சிரித்தது இதைத்தான்.

இனி ஒவ்வொருவராக வருகிறேன்.

முதல் ஆள் என் சித்தப்பா. "படிக்கிற பிள்ளைக்கு ஜோடனை எதுக்கு? அந்தக் காலத்துல தெருவிளக்குல படிச்சுப் பெரிய ஆளானாங்க" என்றார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்த கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடத்தைப் பாருங்கள்! ஒரு பையனுக்கு வீட்டில் விளக்கில்லை என்பது அந்த ஊருக்கு அவமானம். அதை எடுத்து "இப்படித்தான் படிக்கணும்" என்று அடுத்த தலைமுறைக்கு விதியாக்குவது என்ன நியாயம்? தெருவிளக்கில் உட்கார்ந்தும் படிப்பை விட்ட ஆயிரம் பேரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. அதுவும் போகட்டும், சேரம்பாடியில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவிளக்கின் கீழ் புத்தகத்தை விரித்தால் யானை வந்து பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும். சித்தப்பா ஒருநாள் முயற்சி பண்ணிப் பார்க்கட்டும் :-)

மனசு ஓரிடத்தில் உட்கார வேண்டுமென்றால் அதற்கு ஓர் இடம் வேண்டும். பூஜை அறை இல்லாத வீட்டிலும் சாமிக்கு ஒரு மாடம் இருக்கிறது, அதற்கு ஒரு சின்னத் திரைகூட இருக்கிறது. அதை யாரும் வீண் ஜோடனை என்று சொல்வதில்லை. புத்தகத்துக்கு ஒரு மாடம் கேட்டால் மட்டும் ஏன் இத்தனை உபதேசம்?

இரண்டாவது கட்சி இதற்கு நேர் எதிர். மேசை அலங்கார வீடியோ போடுகிறவர்கள். "குறைந்த பட்ஜெட்டில் உங்கள் ஒர்க் ஸ்பேஸ்" என்று தலைப்பு இருக்கும். உள்ளே போனால் முடிச்சுப்போட்ட கயிற்றுத் தோரணம், சீரியல் லைட், கார்க் போர்டு, விரிப்பு என்று எல்லாம் சேர்த்தால் எங்கள் வீட்டு மாத மளிகைச் செலவைத் தாண்டும். அவர்களுடைய குறைந்த பட்ஜெட் யாருடைய குறைந்த பட்ஜெட்? அதில் ஒரு வீடியோவில் பட்டை பட்டையாய் நிறம் போட்ட ஒரு விரிப்பைக் காட்டி என்னவோ ஆங்கிலப் பெயர் சொன்னார்கள். பார்த்தால் நம்ம ஜமக்காளம்! கல்யாண வீட்டில் விரித்து, மேலே வெற்றிலை எச்சில் படாமல் பார்த்துக்கொள்வோமே, அதே ஜாதி.

ஜமக்காளத்துக்கென்று ஓர் ஊர் இருக்கிறது, ஈரோடு மாவட்டத்துப் பவானி. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது வருஷம் ஆகப்போகிறது அல்லது ஆகிவிட்டது. 1985ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு. அதாவது விசைத்தறியில் நெய்யாமல் கைத்தறிக்கே விட்டுவைக்க வேண்டிய சரக்கு என்று சட்டமே சொன்ன துணி. நம் வீட்டுப் பரணில் அது சுருண்டு கிடக்கும்போது பழைய சாமான். அதே ஜமக்காளம் வீடியோவில் வந்தால் ரசனை. இது எனக்குப் புரியவே இல்லை. அழகு துணியில் இருக்கிறதா, அதை வைத்திருக்கும் ஆளின் பர்ஸில் இருக்கிறதா?

மூன்றாவது கட்சிதான் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் அவர்கள் நல்லவர்கள். "செயற்கை நூல் கலந்த துணியெல்லாம் வேண்டாம், கைத்தறிப் பருத்தி மட்டும் பயன்படுத்து, நெசவாளிக்குச் செய்யும் மரியாதை அதுதான்" என்கிறார்கள். கையில் காசு இருந்தால் தாராளமாக வாங்குங்கள். 1935லிருந்து கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, சென்னிமலை பெட்ஷீட் இருக்கிறது, வாங்கி அலங்கரியுங்கள். நானும் சம்பாதித்தால் வாங்குவேன். ஆனால் இரண்டு விஷயத்தை யோசியுங்கள்.

ஒன்று, எங்கள் ஊர் மழை. ஜூனில் பிடித்தால் செப்டம்பர்வரை விடாது. ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுச் செருப்புக்கும் தாடி முளைக்கும். பருத்தி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். சாதாரண நிலையிலேயே தன் எடையில் ஏழெட்டு சதவீதம் தண்ணீரை வைத்துக்கொள்ளும் நூல் அது. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்துக்கொள்ளாது. ஈரோட்டு வெயிலில் நல்ல பருத்தி ஜமக்காளம் சொர்க்கம். அதையே சேரம்பாடியில் ஜூலை மாதம் சுவரில் மாட்டினால் பத்தே நாளில் பூஞ்சணம் பிடித்து, வீடே நனைந்த நாய் மாதிரி நாறும். மெல்லிசான கலப்பு நூல் சேலை அடுப்படிக் கதகதப்பிலேயே ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும். சமவெளியில் உட்கார்ந்துகொண்டு மலைக்காரிக்குத் துணி விதி எழுதினால் இப்படித்தான்.

இரண்டு, நெசவாளிக்கு மரியாதை. இந்தப் பொங்கல் வேட்டி சேலைத் திட்டம் எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது 1983ல் வந்தது. ஏழைகளுக்கு உடுப்பு என்பது அதில் பாதிதான். மறுபாதி, கைத்தறி, விசைத்தறித் தொழிலாளிகளுக்கு வருஷா வருஷம் வேலை தருவது. அப்படியானால் நான் தொங்கவிட்ட சேலைக்குப் பின்னாலும் ஒரு தறி இருக்கிறது, ஒரு கூலி இருக்கிறது. அதை வாங்கிவந்து "இதையெல்லாம் யார் கட்டுவா" என்று டிரங்குப் பெட்டியில் போட்டு மட்கவிடுவதும், பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்குவதும் நெசவாளிக்குச் செய்யும் மரியாதையா? தினமும் நான் பார்த்துக்கொண்டே படிக்கிற இடத்தில் அதை மாட்டியிருக்கிறேனே, அது அவமரியாதையா? யார் யாருக்குப் பாடம் எடுப்பது!

இப்போது, நான் உண்மையில் சொல்லவந்த விஷயம்.

லைன் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தச் சுவர் நம்முடையது இல்லை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்த 1951ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கட்டித் தரச் சொன்னது. மருத்துவ வசதி, பிள்ளை மடுவம், கேன்டீன் எல்லாம் சொன்னது. குளிருக்கும் மழைக்கும் கம்பளி, குடை, மழைக்கோட்டு கொடுப்பது பற்றி மாநில அரசு விதி செய்யலாம் என்றும் சொன்னது. வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கச் சொல்லவில்லை. 2022ல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தருவது என்று அரசு முடிவெடுத்தபோது இந்தப் பக்கம் டீக்கடையில் எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி, "அப்போ லைன்ல இருக்கிறவங்க எங்க போறது?" என்பதுதான்.

இப்படிப்பட்ட வீட்டில் சுவருக்கு நல்ல பெயின்ட் அடிக்க யார் காசு போடுவார்கள்? அலமாரி பதிக்க யாருக்கு மனசு வரும்? விட்டுவிட்டுப் போக வேண்டிய சுவருக்குச் செலவு செய்ய முடியாது. துணி அப்படியில்லை. கழற்றி, மடித்து, பெட்டியில் வைத்து, அடுத்த வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். சுவர் சொந்தமில்லாதவர்களின் அலங்காரம் துணிதான். வாடகை வீட்டுக்காரர், ஹாஸ்டல் பிள்ளைகள், வெளிநாட்டில் ஓர் அறையை ஆறு பேர் பங்குபோடும் அண்ணன்மார் எல்லோருக்கும் இது பொருந்தும்.

இதை எனக்குச் சொல்லித்தந்தது அப்பாயி. அவர் ஹட்டன் பக்கத்து லயத்தில் பிறந்தவர். 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். யாரும் அப்பாயியைக் கேட்கவில்லை. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னால் டான்டீ ஆனது. சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம் பக்கம் இன்றைக்கும் பாதிப் பேச்சு இலங்கைப் பேச்சாக இருப்பது அதனால்தான். அப்பாயி கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு மூட்டை. மூட்டை கட்டியதே ஒரு சேலையில். வந்து இறங்கிய வீட்டில் முதல் வேலையாக அந்தச் சேலையை அவிழ்த்துக் குறுக்கே கட்டி மறைப்பு பண்ணினாராம். "கதவு அவங்க குடுக்கிறது, மறைப்பு நாம கட்டுறது" என்பார். ரேஷன் சேலையைப் பார்த்துச் சிரித்தவளுக்கு என் பதில் இதுதான். எங்கள் வீட்டில் இது மூன்றாம் தலைமுறை மறைப்பு.

நியாயமான ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சேலையைத் தொங்கவிட்டுச் சமாளித்துக்கொண்டால், தனி அறையுள்ள நல்ல வீடு வேண்டும் என்று யார் கேட்பது? ஏழ்மைக்கு ஸ்கிரீன் போட்டு மூடுகிறாயா? தோழர் ஒருவர் இப்படிக் கேட்டார், அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. சேலை சத்தத்தை மறைக்காது, டிவி சீரியலின் அழுகை முழுக்க என் புத்தகத்துக்குள் வருகிறது. குளிரையும் மறைக்காது. அது அறை ஆகிவிட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் எனக்குப் பரீட்சை ஏப்ரலில். வீடு எப்போது என்று யாருக்கும் தெரியாது. கேட்கிற சண்டையைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். கேட்பதற்கும் எழுதுவதற்கும் படித்திருக்க வேண்டும், படிக்க அந்த மூலை வேண்டும். இன்னொன்றும் பாருங்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சேலைதான். "இது என்ன குறுக்கால?" என்று கேட்கிறார்கள். "எனக்கு ரூம் இல்லைங்க, அதனால" என்று சொல்கிறேன். மூடுவதற்குப் பதிலாக அது காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, திட்டியது போதும். செய்ய நினைப்பவர்களுக்கு உருப்படியாகக் கொஞ்சம்.

சேலை ஐந்தரை மீட்டர். இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டரில் இரண்டு துண்டு வெட்டினால் ஏழடி இடைவெளியை மறைக்க இரண்டு ஸ்கிரீன். மிச்சம் ஒன்றேகால் மீட்டர் மேசைக்கு. வெட்டிய ஓரத்தைக் கட்டாயம் அடியுங்கள், இல்லாவிட்டால் நூல் பிரிந்து வந்துகொண்டே இருக்கும். சுவரில் ஓர் ஆணிகூட நான் அடிக்கவில்லை. உத்தரத்தில் நைலான் கயிறு கட்டி, நடுவில் தொங்கிப் போகாமல் இன்னொரு கயிற்றால் மேலே இழுத்துக் கட்டியிருக்கிறேன். ஓரம் அடித்தது, கயிறு, வளையம், ஊக்கு எல்லாம் சேர்த்து 140 ரூபாய். மேசை அப்பா செய்தது, அதற்கு விலை போட மாட்டேன்.

மேசைக்குப் பின்னால் வெள்ளை வேட்டி. நாலு முழம் தாராளம். ஒரே ஜன்னல் உள்ள வீட்டில் வெள்ளைத்துணி வெளிச்சத்தைத் திருப்பித் தரும், கருநிறத் துணி விழுங்கிவிடும். சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். இரண்டு விரல் இடைவெளி விட்டால் காற்று போகும், பூஞ்சணம் சீக்கிரம் வராது. கஞ்சி போடவே போடாதீர்கள். துணி விறைப்பாக இருக்கும் என்பது சரிதான், ஆனால் அந்தக் கஞ்சி பூஞ்சணத்துக்கு விருந்துச் சாப்பாடு. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கழற்றி அடுப்படிச் சூட்டில் காட்டி மறுபடி மாட்டுங்கள்.

கிழிந்த பழைய ஜீன்ஸ் இருந்தால் அதன் பாக்கெட்டுகளை மட்டும் வெட்டி வேட்டியில் தைத்துவிடுங்கள். பேனா, கால்குலேட்டர், பஸ் பாஸ் எல்லாம் அதில். அப்பாவின் பழைய லுங்கி ஸ்டூலுக்கு மெத்தை உறை. அம்மாவின் தேய்ந்த கம்பளி என் காலடியில். டிசம்பர் ராத்திரிக்கு அதைவிடப் பெரிய அலங்காரம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. அடுப்புப் பக்கமும் பிளக் பாயின்ட் பக்கமும் துணி வேண்டாம். கரன்ட் போனால் மெழுகுவத்தி ஏற்றி அந்தச் சேலைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். பாலியஸ்டர் கலந்த துணி உருகித் தோலில் ஒட்டும். டார்ச் போதும்.

கடைசியாக, சிரித்த தோழிக்கு. நீ சிரித்தது துணியைப் பார்த்து இல்லை என்று எனக்குத் தெரியும். வரிசையில் நின்று வாங்கியது என்பதற்காகச் சிரித்தாய். உன் வீட்டிலும் அதே பை வந்திருக்கிறது, உன் அம்மாவும் அதே வரிசையில்தான் நின்றார், எனக்கு இரண்டு பேர் முன்னால். அதை நீ பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாய், நான் வெளியே எடுத்து மாட்டியிருக்கிறேன். நமக்குள் வித்தியாசம் அவ்வளவுதான். அந்தப் பச்சைக் கரை ராத்திரி லைட் வெளிச்சத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று போட்டோவில் தெரியாது. ஒருநாள் வீட்டுக்கு வா, அப்பாயி தேத்தண்ணி போட்டுத் தருவார்.

பி.கு: இதை எழுதி முடிப்பதற்குள் அவளே போன் பண்ணினாள். ஹாஸ்டல் ஜன்னலுக்கு ஸ்பிரிங் எத்தனை அடி வாங்கணுமாம். ஜன்னல் அகலத்தைவிட ஒரு சாண் குறைவாக வாங்கு தாயே, இழுத்து மாட்டினால்தான் தொங்காது :-)